ஏறும்போது 168, இறங்கும்போது 192: வாட்ச் சொல்லும் இதயத் துடிப்பை நம்பலாமா?

கேட்டவர் சேலத்தில் ஒரு பள்ளியின் பி.டி. ஆசிரியர். அவரிடம் பயிற்சி எடுக்கும் 17 வயது மாணவி 1500 மீட்டர் ஓடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு சாலையில் சில வளைவுகள் ஏறி இறங்குவது அவர்கள் வழக்கம். போன வாரம் அவள் கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச் முதலில் 84 காட்டி, பிறகு ஏற்றம் முழுவதும் 168-லேயே நின்றது. இறக்கத்தில், பேசிக்கொண்டே ஓடும்போது, 192. யாரோ சைக்கிள்காரரிடம் இரவல் வாங்கிக் கட்டிய மார்புப் பட்டையோ எடுத்த எடுப்பில் 228. காலையில் படுக்கையில் 44. வீட்டில் பயந்துபோய் ஓட்டமே வேண்டாம் என்கிறார்களாம். எதை நம்புவது, ஈசிஜி எடுக்கிற வாட்ச் வாங்கினால் ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடுமா என்று கேட்டு, பதிவான ஃபைலையும் அனுப்பியிருந்தார்.

சார், முதலில் அந்த 192. நீங்கள் அனுப்பிய ஃபைலில் துடிப்புக்குப் பக்கத்திலேயே கேடன்ஸ் என்று இன்னொரு வரிசை இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தாள் என்ற கணக்கு அது. இரண்டையும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்தேன். ஏற்றத்தில் நான்காவது நிமிடத்திலிருந்து இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு போகின்றன. அடி 168, துடிப்பும் 168. நடுவில் ஓரிடத்தில் நின்றிருக்கிறாள், ஷூ லேஸ் கட்டவோ என்னவோ. அங்கே அடி பூஜ்யத்துக்கு விழுகிறது. அதே நொடியில் துடிப்பு ஒரே தாவலாக 187-க்குப் போகிறது.

ஓட்டத்தை நிறுத்தினால் துடிப்பு இறங்கத்தான் பார்க்கும், ஒரு நொடியில் 19 ஏறாது. காலடிச் சத்தம் அடங்கியதும் அதுவரை அதன் அடியில் மறைந்து கிடந்த நிஜத் துடிப்பு வாட்ச்சுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மறுபடி ஓடத் தொடங்கிய அரை நிமிடத்தில் பழையபடி 168. இறக்கத்தில் காலை எட்டி வைக்கும் தூரம் சின்னதாகி அடி வேகமாக விழும்: 190, 192, 193. வாட்ச் அதையும் அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறது. ஆரம்பத்தில் வந்த 84 என்பது 168-ல் சரிபாதி. இரண்டு அடிக்கு ஒரு முறைதான் கை முன்னும் பின்னும் போய் வரும். ஆக வாட்ச் முதலில் கை வீச்சை எண்ணியது, அப்புறம் காலடியை எண்ணியது. இதயத்தை எண்ணியது அவள் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். ஏற்றத்தில் அவளுக்கு 185 பக்கம் ஓடியிருக்கும் என்பது என் கணக்கு. அந்த வயதுக்கு, அந்த ஏற்றத்துக்கு, அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஏன் இப்படி ஏமாறுகிறது என்றால், வாட்ச் துடிப்பை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. அதன் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அந்த ஒளி தோலுக்குள் போய்ச் சிதறி, ஒரு பங்கு திரும்பி வரும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். செல்போன் டார்ச் மேல் விரலை வைத்தால் சிவப்பு மட்டும்தானே கடந்து வருகிறது, அதே சங்கதி. ஒவ்வொரு துடிப்புக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒரு கணம் நிரம்பும்போது திரும்பி வரும் ஒளி இத்தனூண்டு குறையும். அந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் பெரிது, மணிக்கட்டில் பல நேரம் அதுகூட இருக்காது. ஓடும்போது கை ஆடுகிறது, வாட்ச் ஒரு மயிரிழை நகர்கிறது, சிரைகளில் இருக்கும் ரத்தம் குடத்துத் தண்ணீர் போல அலைகிறது. இதனால் வரும் மாற்றம் துடிப்பால் வருவதைவிடப் பல மடங்கு பெரியது.

இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்று யாரிடமாவது பேசிப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? ஒரு மைக்கை அவர் வாயருகே வைக்கலாம், இன்னொன்றைத் தறிமேலேயே வைக்கலாம். முதல் மைக்கில் தறிச் சத்தமும் பேச்சும் கலந்து விழும், இரண்டாவதில் தறி மட்டும். இரண்டாவதைத் தகுந்த அளவு கூட்டிக் குறைத்து முதலாவதிலிருந்து கழித்தால் பேச்சு மிஞ்சும். எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்பதை நொடிக்கு நொடி தானே திருத்திக்கொள்ளும் கணக்கை 1960-ல் விட்ரோ, ஹாஃப் என்ற இருவர் எழுதினார்கள். போனில் நம் குரல் நமக்கே எதிரொலிக்காமல் இருப்பதும் இந்த வகை வித்தையால்தான். வாட்ச்சில் பச்சை விளக்கு முதல் மைக், கை அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் இரண்டாவது மைக்.

சரி, அந்த ஆள் தறியின் தாளத்துக்குச் சரியாக, ஒரு தட்டுக்கு ஒரு சொல்லாகப் பேசினால்? கழிக்கும்போது பேச்சும் சேர்ந்து போய்விடும். நிமிடத்துக்கு 180 அடி என்றால் நொடிக்கு 3, 180 துடிப்பு என்றாலும் நொடிக்கு 3. ஓட்டக்காரர்களின் சாபம் இது. சைக்கிள்காரருக்கு மிதி 80, 90 என்று சுற்றும், துடிப்பு 150-ல் இருக்கும், இரண்டும் மோதுவது குறைவு. நடுத்தர தூரம் ஓடுகிறவருக்கோ பல நேரம் காலும் இதயமும் ஒரே எண்ணுக்கு வந்து நிற்கின்றன. வாட்ச் கழிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல், ஓங்கித் தெரியும் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, அந்த எண் 'இந்த நொடி'யின் எண்ணும் அல்ல. இந்த வேலையில் பலரும் 8 நொடிச் சிக்னலை ஒரு துண்டாக எடுத்து, அதில் எந்த அதிர்வெண் ஓங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 8 நொடித் துண்டில் இரண்டு தாளங்களைத் தனித்தனியாகப் பிரித்தறிய அவற்றுக்கிடையே நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 7.5 துடிப்பு வித்தியாசமாவது வேண்டும். 60-ஐ 8-ஆல் வகுத்தால் வருவது அது. துண்டை நீளமாக்கினால் பிரித்தறியலாம், ஆனால் அதற்குள் அவள் அடுத்த வளைவுக்குப் போய்விடுவாள். இந்தச் சிக்கலையே 2015-ல் மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ மாணவர்களுக்கான சிக்னல் பிராசஸிங் போட்டியாக வைத்தது: மணிக்கட்டு ஒளிச் சிக்னலையும் ஆக்சிலரோமீட்டர் பதிவையும் கொடுத்து, ஓடும்போது துடிப்பைக் கண்டுபிடி என்று. அதன் தரவை நான் மாணவர்களுக்கு வகுப்பில் கொடுப்பதுண்டு. முதல் வாரம் எல்லாருமே காலடியைத்தான் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள்.

கறுத்த தோலில் வாட்ச் சரியாக எடுக்காதே என்றும் கேட்டிருந்தீர்கள். மெலனின் பச்சை ஒளியை விழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-ல் 53 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை, உடல் அசைவால்தான் பிழை கூடியது. மார்கழிக் காலையில் மேலே ஏரிப் பக்கம் நின்றால் விரல் மரத்துப்போகிறதே, அந்தக் குளிர் இதைவிடப் பெரிய எதிரி. தோலில் ரத்தக் குழாய்கள் சுருங்கினால் பச்சை விளக்குக்குப் பார்க்கவே ஒன்றும் இருக்காது.

இனி மார்புப் பட்டை. அது வேறு சாதி. இதயம் சுருங்கும் முன் ஓடும் மின்சாரத்தையே தோலின் மேல் பிடிக்கிறது. மார்பில் கிடைப்பது ஒரு மில்லிவோல்ட் பக்கம்தான், ஆனால் அதன் முகடு ஊசி மாதிரி கூர்மையாக இருக்கும். பின்லாந்தின் போலார் கம்பெனி கம்பியில்லாத பட்டையை விளையாட்டுக்காரர்களுக்காக 1982-லேயே கொண்டுவந்துவிட்டது. அந்த ஊசியை எப்படிப் பிடிப்பது என்பதற்கு பான், டாம்ப்கின்ஸ் என்ற இருவர் 1985-ல் எழுதிய முறையை இன்றும் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். சிக்னலில் 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 5 முதல் 15 அதிர்வு வரை மட்டும் வைத்துக்கொள், சரிவைப் பார், அதை வர்க்கப்படுத்து, 150 மில்லிசெகண்ட் அகலத்துக்குச் சேர்த்துக் கூட்டு, அப்புறம் தானே ஏறி இறங்கும் ஒரு வரம்பு வை. ஒரு துடிப்பு பிடிபட்டால் அடுத்த 200 மில்லிசெகண்டுக்கு எதையும் எண்ணாதே, இதயத் தசை அதற்குள் மறுபடி துடிக்காது. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விதிதான். கணக்கு போடுகிறவர்கள் உடலையும் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் 228? பட்டை காய்ந்திருந்தது சார். அதன் இரண்டு மின்முனைப் பட்டைகளும் தோலோடு ஈரத்தால் இணைய வேண்டும். ஓடத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடம் வியர்வை கிடையாது, போதாததற்கு பாலியஸ்டர் ஜெர்ஸி உரசி நிலைமின்சாரம். ஒவ்வொரு உரசலும் ஒரு ஊசி போலத் தெரியும். ஃபைலில் ஏழாவது நிமிடத்துக்கு மேல் பட்டை அமைதியாகிவிட்டதைப் பாருங்கள். வியர்வை வந்துவிட்டது.

இதில் நானே பட்டவன். இரண்டு வருடம் முன்பு சைக்கிளில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிதான் கடந்திருப்பேன். மிதிக்கவே இல்லை, பிரேக்கை மட்டும் பிடித்தபடி வருகிறேன். ஹேண்டில்பாரில் இருந்த திரை 214 காட்டுகிறது. ஐம்பதை நெருங்குகிற ஆள் நான். நெஞ்சு நிஜமாகவே படபடத்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணினேன். 27. நாலால் பெருக்கினால் 108, அதிலும் பாதி பயத்தில் வந்தது. மேலே இருந்த குளிர்காற்றில் வியர்வை காய்ந்து, ஜிப்பைத் திறந்துவிட்ட ஜெர்ஸி காற்றில் படபடவென்று பட்டையின் மேல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் பார்த்தேன், 104. பயிற்சிக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த விரல் கணக்கை முதலில் சொல்லிக்கொடுங்கள். ஒரு பக்கக் கழுத்தில் மட்டும், மெதுவாக.

விரல் கணக்கு எதற்கு என்றால், நிஜமான கோளாறும் படத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரியும். சிலருக்கு இதயத்தின் மேலறைப் பக்கம் மின்சாரம் குறுக்குவழியில் சுற்றத் தொடங்கி, 150-ல் போய்க்கொண்டிருந்த துடிப்பு ஒரே துடிப்பில் 210-க்குத் தாவும். அதிலேயே கோடு போட்டதுபோல நிற்கும். ஓட்டத்தை நிறுத்தினாலும் இறங்காது, பிறகு சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று விழும். ஆக எண் தாவினால் நிற்கச் சொல்லுங்கள், விரலை வைக்கச் சொல்லுங்கள். விரலில் நிதானம் என்றால் கருவியின் கோளாறு. விரலுக்கும் எண்ண முடியாத வேகம் என்றால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, மறுநாளே டாக்டர். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் மறுநாள் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

44 விஷயத்துக்கு வருகிறேன், வீட்டுக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தானே. சாதாரண ஆளின் இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளினால், 70 துடிப்பில் நிமிடத்துக்கு 4.9 லிட்டர். வருடக்கணக்கில் ஓடியவரின் இதயம் விரிந்து ஒரே துடிப்பில் 110 தள்ளினால் 44 துடிப்பிலேயே 4.84 லிட்டர் வந்துவிடுகிறது. வேலை அதே, ஆள் குறைவு. பனிச்சறுக்கு வீரர்களுக்கு இதயம் பெரிதாக இருப்பதை ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷன் 1899-ல் மார்பைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார். மயக்கம், தலைசுற்றல் எதுவும் இல்லாமல் நன்றாக ஓடுகிற பெண்ணுக்குப் படுக்கையில் 44 என்றால் அது பயிற்சியின் பலன். இளைஞர்களுக்கு மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகி, விடும்போது மெதுவாவதும் இயல்பு. சீராக இல்லையே என்று பதற வேண்டாம்.

உயரம் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரி போதும்: நீங்கள் ஏறுகிற நாலு வளைவில் அது ஒரு பொருட்டே இல்லை. 1500 மீட்டர் உயரத்தில், ஏற்காடு ஏரியைச் சுற்றி ஓடினால்தான் அதே வேகத்துக்குத் துடிப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதைவிட சேலத்து சித்திரை வெயில் பெரிய ஆள். காந்தி ஸ்டேடியத்தில் அதே வேகத்தில் நாற்பது நிமிடம் ஓடினால், உடலில் தண்ணீர் குறையக் குறையத் துடிப்பு பத்து, பதினைந்து தானாக ஏறிக்கொண்டே போகும். பிள்ளை சோம்பலாக ஓடுகிறாள் என்றோ, உடம்புக்கு ஏதோ என்றோ அதைப் படிக்காதீர்கள். 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கையும் சுவரில் எழுதி வைக்காதீர்கள். அவள் வயதுக்கு அது 203 தரும், 2001-ல் டனாகா குழுவினர் கொடுத்த வாய்ப்பாடு 196 தரும், அவளுடைய நிஜ உச்சம் இரண்டுக்கும் பத்து மேலேயோ கீழேயோ இருக்கலாம்.

வாட்ச் தினமும் காலையில் 'உடல் தயார்நிலை' என்று ஒரு மதிப்பெண் கொடுக்கிறதே, அது துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து வருவது. தூக்கத்தில், கை அசையாத நேரத்தில் எடுத்தால் ஓரளவு நம்பலாம். ஆனால் அது எவ்வளவு மெல்லிய நூலில் நிற்கிறது பாருங்கள். நிமிடத்துக்கு 60 துடிப்பில் ஐந்து நிமிடப் பதிவு, 300 துடிப்பு. அடுத்தடுத்த இடைவெளிகள் எவ்வளவு மாறுகின்றன என்று சொல்லும் ஆர்எம்எஸ்எஸ்டி என்ற அளவு நிஜத்தில் 40 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். கருவி ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டால் அங்கே இடைவெளி 1000-க்குப் பதில் 2000 ஆகும். அந்த ஒரு பிழையால் மொத்த விடை 40-லிருந்து 91 பக்கம் போய்விடும். முந்நூறில் ஒன்று! நல்ல மென்பொருள் அப்படிப்பட்ட இடைவெளியைக் கண்டுபிடித்துத் தள்ளும். எது தள்ளும், எது தள்ளாது என்பது பெட்டியின் மேல் எழுதியிருக்காது. ஓடும்போது எடுத்த அளவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, ஈசிஜி வாட்ச். பெற்றோர் கடன் வாங்கியாவது வாங்கித் தருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த வாட்ச்சில் ஈசிஜி எடுக்க அசையாமல் உட்கார்ந்து, மற்றக் கை விரலை வைத்து 30 நொடி காத்திருக்க வேண்டும். ஓடும்போது எடுக்காது. ஆப்பிள் வாட்ச்சின் ஈசிஜி 22 வயது நிரம்பியவர்களுக்கு என்றுதான் அனுமதிக்கப்பட்டது. அதோடு அது தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற, பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் தாளக் கோளாறை. 4,19,297 பேரை வைத்து நடந்து 2019-ல் வெளியான பெரிய ஆய்வும் அதைப் பற்றியதுதான். 17 வயது ஓட்டக்காரருக்கு ஆபத்து என்று நாம் பயப்படுவது வேறு: இதயத் தசை தடிக்கும் நோய், பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பும் இதய ரத்தக் குழாய், ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி நீண்டு தாளம் கெடும் பரம்பரைக் கோளாறு. வாட்ச் இதயத்தை ஒரே திசையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஆஸ்பத்திரியில் பத்து மின்முனை ஒட்டிப் பன்னிரண்டு திசையிலிருந்து பார்க்கிறார்கள், சந்தேகம் என்றால் ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ எடுக்கிறார்கள். ஒரு வாட்ச்சின் விலையில் பல பிள்ளைகளுக்கு அந்த ஈசிஜியை எடுத்துவிடலாம். எடுத்ததை விளையாட்டு வீரர்களின் ஈசிஜி பார்த்துப் பழகிய இதய மருத்துவரிடம் காட்டுவது முக்கியம், ஏனென்றால் பயிற்சியால் வரும் இயல்பான மாற்றங்களும் மற்றவர் கண்ணுக்கு நோய் போலத் தெரியும்.

டாக்டரிடம் போவதற்கு முன் அவள் பாட்டியிடம் பேசுங்கள். குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள், நன்றாக இருந்தவர், திடீரென்று போய்விட்டாரா? நீச்சல் தெரிந்தும் கிணற்றில் மூழ்கியவர் உண்டா? அவளிடமும் தனியாகக் கேளுங்கள்: ஓடி முடித்து நின்ற பிறகு அல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியதா, நெஞ்சு இறுகியதா. இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், வாட்ச் நூறு முறை 'இயல்பு' என்று சொல்லியிருந்தாலும் மருத்துவர் பார்க்கும்வரை ஓட வேண்டாம்.

டென்மார்க்கின் கால்பந்து வீரர் எரிக்சன் 2021 ஜூன் 12-ல் கோபன்ஹேகன் மைதானத்தில் இதயம் நின்று விழுந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். பெரிய கிளப்களில் வருடக்கணக்கில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டவர் அவர். அவரைக் காப்பாற்றியது உடனே மார்பை அழுத்தியவர்களும் மின்அதிர்ச்சி கொடுத்து இதயத் தாளத்தை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததும். அடுத்த வருடமே அதே வேலையைச் செய்ய உடலுக்குள் பொருத்திய ஒரு கருவியோடு மறுபடி ஆடினார். 108 வண்டி நம் மலைச்சாலையில் ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்தத் தெரிந்த இரண்டு பேராவது உங்கள் குழுவில் இருக்க வேண்டும்.

செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால், மேல் கையில் கட்டும் ஒளிப் பட்டை ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டைவிட அங்கே சதை அதிகம், ஆட்டம் குறைவு. மார்புப் பட்டை பெண் பிள்ளைகளுக்கு உள்ளாடையோடு சேர்ந்து உறுத்தும் என்று பலர் கட்டாமலே விட்டுவிடுகிறார்கள், அந்தத் தொல்லையும் இல்லை. இப்போது இருக்கும் வாட்ச்சே போதும் என்றால், மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, தோலில் தடம் விழும் அளவுக்கு இறுக்கி, கட்டிய பிறகு பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் அடிவாரத்துக்கு வருகிறேன், சுற்றுலா வண்டிகள் ஏறத் தொடங்கும் முன் முடித்துவிடலாம். அந்த இரவல் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டச் சொல்லுங்கள், வாட்ச்சும் கையில் இருக்கட்டும். மூன்றாவது வளைவில் ஓட்டத்தை நிறுத்தி, விரலால் எண்ணி, மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எண்ணுவது அவராக இருக்கட்டும்.